மூணே முக்கால் வட்டி

தண்டல் தொழிலில் இருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு யோசனை. மஞ்சள் பை, நீளநோட்டு, டூவீலர், பின்னால் உட்கார்ந்து வரும் ரெண்டு தடியன்கள், எல்லாவற்றையும் மூட்டை கட்டுங்கள். கோட்டு ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கட்டடத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். வட்டியைக் குறைக்கச் சொல்வேனோ என்று பயப்படாதீர்கள், ஒரு பைசா குறைக்க வேண்டாம். கடன் வாங்க வருகிறவனுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டையும், பிறந்த நாளுக்கு ஒரு வாழ்த்துச் செய்தியும் அனுப்புங்கள், போதும். நேற்று வரை உங்களைத் தேடிக்கொண்டிருந்த போலீஸ், நாளை முதல் உங்கள் வாசலில் காவலுக்கு நிற்கும்.

நம் ஊரில் வட்டி பேசும் முறை எல்லாருக்கும் தெரியும். ஒரு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். ரெண்டு வட்டி என்றால் பரவாயில்லை, சமாளிக்கலாம். மூணு வட்டிக்கு ஒருவன் கடன் வாங்கினான் என்று கேள்விப்பட்டால், 'ஐயோ பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ' என்று சொந்தக்காரர்கள் விசாரிப்பார்கள். இப்போது பர்ஸைத் திறந்து அந்தப் பளபளப்பான கார்டை எடுத்துப் பாருங்கள். பல பேங்குகளின் கிரெடிட் கார்டுகளில் நிலுவைக்கு வட்டி மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம் வரை. வருஷத்துக்கு 42 முதல் 45. ஊர்க்கணக்கில் மூணரை வட்டி, மூணே முக்கால் வட்டி. இதைக் கேட்டு எந்தச் சொந்தக்காரரும் 'ஐயோ பாவம்' என்பதில்லை. 'எந்த பேங்க்? பிளாட்டினமா?' என்கிறார்கள்.

இந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. வீட்டுக்கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது, நகைக்கடன் வட்டிக்கும் கிடையாது. கார்டு வட்டியை மட்டும் அந்த விலக்கிலிருந்து பொறுக்கி எடுத்து வெளியே வைத்திருக்கிறார்கள். ஆக, மூணே முக்கால் என்பது வரியோடு சேர்ந்து 4.425 ஆகிறது. எவ்வளவு மோசமான தண்டல்காரரும் வட்டியில் அரசாங்கத்தைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டதில்லை. அந்தச் சாமர்த்தியம் அவருக்கு வரவில்லை, அதனால்தான் அவர் இன்னும் டூவீலரில் போகிறார்.

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிராக 2003இல் ஒரு சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருவில் புழங்கும் அத்தனை வகைகளையும் அது விளக்கி வைத்திருக்கிறது. அரசு நிர்ணயித்ததற்கு மேல் வட்டி வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் ஒரு கூலித்தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்துச் செத்தார். மனு மேல் மனு கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் செத்தார். அதைப் பற்றிக் கார்ட்டூன் வரைந்தவரை அடுத்த மாதமே கைது செய்து, சட்டம் தன் கை எவ்வளவு நீளம் என்று காட்டியது.

சரி, அந்தச் சட்டத்தை எடுத்துக்கொண்டு கார்டு கொடுத்த பேங்க் வாசலில் போய் நின்றால்? உள்ளே விடமாட்டார்கள். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பேங்க் வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்தைச் சொல்லி எந்தக் கோர்ட்டும் கணக்கைத் திருப்பிப் பார்க்கக் கூடாது என்கிறது அது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம் கொஞ்சம் துணிந்து, 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்புச் சொன்னது. பேங்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடின. தடை கிடைத்தது. அப்புறம் வழக்கு தூங்கியது. 2024 டிசம்பர் 20 அன்று கண் விழித்து, ஆணையத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று தீர்ப்பைத் தூக்கி எறிந்தது கோர்ட். பதினாறு வருஷம். மூணே முக்கால் வட்டியில் ஒரு ரூபாயைப் பதினாறு வருஷம் ஓடவிட்டால் அது எத்தனை ரூபாயாகும் என்பதைக் கணக்கு வாத்தியார்கள் வீட்டுப் பாடமாகக் கொடுக்கலாம். விடை ஆயிரத்தைத் தாண்டும்.

இப்படிச் சட்டக் கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் நமக்குப் 'பொறுப்புடன் பயன்படுத்துங்கள்' என்று பாடம் எடுக்கிறார்கள். மாசம் ஒரு எஸ்எம்எஸ், வாரம் ஒரு ஈமெயில். பொறுப்பு, பொறுப்பு என்று அதில் வரும் உபதேசத்தைப் படித்தால் ஏதோ மடாதிபதி அனுப்பியதோ என்று தோன்றும். அதே நாள் மத்தியானம் இன்னொரு ஃபோன் வரும். "சார், உங்க லிமிட்டை ரெண்டு லட்சத்துலேர்ந்து நாலு லட்சமாக்கி அப்ரூவ் பண்ணிருக்கோம் சார், ஜஸ்ட் ஓடிபி மட்டும் சொன்னா போதும் சார்." வேண்டாம்மா என்றால் அந்தப் பெண்ணின் குரலில் உண்மையான வருத்தம் தெரியும். பாவம், அவருக்கு டார்கெட். அந்த டார்கெட்டை வைத்தவனுக்கு மட்டும் பொறுப்பைப் பற்றி யாரும் எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை.

பில்லைப் பாருங்கள். மொத்தம் கட்ட வேண்டியது என்று ஒரு தொகை. அதன் பக்கத்திலேயே, கண்ணுக்குக் குளிர்ச்சியாக, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது என்று ஒரு சின்னத் தொகை. ஒரு லட்ச ரூபாய் பில்லில் ஐயாயிரம் கட்டினால் போதும், இந்த மாதம் யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள். எவ்வளவு கருணை! அந்தக் கருணையின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நாள்கணக்கு நுணுக்கங்களை விட்டுவிடலாம், அவை பேங்குக்குத்தான் இன்னும் சாதகம். ஒரு லட்சத்தில் ஐயாயிரம் கட்டினீர்கள். மிச்சம் 95,000. அதற்கு 3.75 சதவீதம் வட்டி 3,562 ரூபாய் 50 காசு. அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 641 ரூபாய் 25 காசு. புதிதாக ஒரு குண்டூசி கூட வாங்காமல் அடுத்த மாத பில் வருகிறது: 99,203 ரூபாய் 75 காசு. ஐயாயிரம் கொடுத்தீர்கள், கடன் எண்ணூறு ரூபாய் கூடக் குறையவில்லை. இப்படியே பில்லில் ஐந்து சதவீதம் என்று பன்னிரண்டு மாதம் ஒழுங்காக, ஒரு நாள் தவறாமல், மிகப் பொறுப்பாகக் கட்டினால், வருஷக் கடைசியில் உங்கள் கையிலிருந்து போயிருப்பது 57,000 ரூபாய்க்கு மேல். கடனில் குறைந்திருப்பது 9,000 சொச்சம். இன்னும் 90,000க்கு மேல் பாக்கி நிற்கும்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. போன மாத பாக்கி ஒரு ரூபாய் நின்றாலும், 'ஐம்பது நாள் வட்டியில்லாக் கடன்' என்று விளம்பரத்தில் சொன்ன சலுகை போச்சு. அதன்பின் வாங்கும் பாலுக்கும் பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். தண்டல்காரர் பழைய பாக்கிக்குத்தான் மீட்டர் போடுவார். இவர்கள் நாளைக்கு நீங்கள் வாங்கப்போகும் பருப்புக்கும் இன்றே மீட்டரைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

இந்தக் குழியில் விழுகிறவர்கள் யார்? டிவியிலும் யூடியூபிலும் பணப் பாடம் நடத்தும் ஞானிகளைக் கேளுங்கள். ஐஃபோன் வாங்கியவன், கோவா போனவன், சுவிக்கியில் தினமும் பிரியாணி ஆர்டர் செய்தவன் என்பார்கள். கட்டுப்பாடு இல்லாத தலைமுறையாம். ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டரில் போய் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார்களா இவர்கள்? 'அட்வான்ஸ் கட்டினால்தான் அட்மிஷன்' என்று சொல்லப்பட்ட இடத்தில், சட்டைப் பையிலிருந்து ஒவ்வொரு கார்டாக எடுத்து, எதில் லிமிட் மிச்சம் இருக்கிறது என்று தேய்த்துத் தேய்த்துப் பார்க்கும் மகனைப் பார்த்திருக்கிறார்களா? ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ் கட்டிய கார்டு, வேலை போன மாதத்தில் மளிகை வாங்கிய கார்டு, இவையெல்லாம் ஞானிகளின் ஒயிட்போர்டில் வருவதில்லை. காபி குடிப்பதை நிறுத்தினால் இருபது வருஷத்தில் கோடீஸ்வரன் ஆகலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, வீடியோ முடியும்போது குரலைத் தாழ்த்துவார்கள்: 'நான் பயன்படுத்தும் பெஸ்ட் கார்டுகளோட லிங்க் கீழே டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு நண்பர்களே.' அந்த லிங்க் வழியாக ஒருவன் கார்டு வாங்கினால் ஞானிக்குக் கமிஷன். போதையின் தீமையைப் பேசி முடித்ததும் பக்கத்துக் கடைக்கு டோக்கன் கொடுக்கும் பிரசங்கி இவர்.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. 2022 ஏப்ரலில் கார்டுகளுக்கென்றே ஒரு விரிவான ஆணை போட்டது, பெரும்பகுதி அந்த ஜூலையிலேயே நடைமுறைக்கு வந்தது. அதை விதிமுறை என்று படித்தால் தூக்கம் வரும். குற்றப்பத்திரிகையாகப் படித்துப் பாருங்கள், தூக்கம் போய்விடும். கேட்காமல் யாருக்கும் கார்டு அனுப்பக் கூடாது என்கிறது. அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்காத கார்டுக்கு பில் போட்டால் அதை ரத்து செய்வதோடு இரண்டு மடங்கு அபராதம் தர வேண்டும் என்கிறது. பில்லும் போட்டிருக்கிறார்கள். சம்மதம் இல்லாமல் லிமிட்டை உயர்த்தக் கூடாது. கட்டாமல் விட்ட கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது. குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டே இருந்தும் கடன் ஏறிக்கொண்டே போகும்படி அந்தத் தொகையை நிர்ணயிக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். கட்டக் கட்டக் கடன் வளரும் ஏற்பாடு நடக்கக்கூடியது என்பதால்தான் அதற்கு ஒரு தடை எழுத வேண்டி வந்தது.

இன்னும் உண்டு. முக்கிய நிபந்தனைகளை ஏரியல் எழுத்துருவில் 12 புள்ளி அளவுக்குக் குறையாமல் அச்சடிக்க வேண்டுமாம். ஒரு நாட்டின் மத்திய வங்கி, நாணயத்தின் மதிப்பைக் காப்பாற்ற வேண்டிய வங்கி, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட உட்காருகிறது. எறும்புக்கும் பூதக்கண்ணாடி தேவைப்படும் அளவில் அதுவரை என்ன அச்சடித்தார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். கார்டை மூடச் சொன்னால் 'தபாலில் எழுதி அனுப்புங்கள்' என்று இழுத்தடிக்கக் கூடாது என்றும் ஒரு விதி. ஒரே ஓடிபியில் கார்டு கொடுப்பவர்கள், மூடச் சொன்னால் மட்டும் தபால் துறையின் மேல் பாசம் கொண்டவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

வசூல் ஏஜென்டுகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. காலை எட்டு மணிக்கு முன்னும், மாலை ஏழு மணிக்குப் பின்னும் கடன்காரரை அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் இழுத்து அவமானப்படுத்தக் கூடாது. ஆக, எட்டிலிருந்து ஏழு வரை பதினோரு மணி நேரம். கௌரவமான கூலித்தொழிலாளிக்கே எட்டு மணி நேரம்தான் ஷிஃப்ட்.

இந்த இடத்தில் பொறுப்புள்ளவர்கள் கையைத் தூக்குவார்கள். 'நான் மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுகிறேன். ஒரு பைசா வட்டி கொடுத்ததில்லை. பாயிண்ட் சேர்த்து மிக்ஸி வாங்கினேன். ஏர்போர்ட் லவுஞ்சில் ஓசியில் இட்லி சாப்பிட்டேன்.' மெத்தச் சரி. நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு நாலணா, அதை எடுக்கப் பெரும்பாலும் 99 ரூபாய் கட்டணம், அந்த 99க்கும் ஜிஎஸ்டி. அதெல்லாம் போகட்டும். அந்த மிக்ஸிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? கொஞ்சம் கடைக்காரர் கொடுத்தார். அவர் அதை விலையில் ஏற்றி, ரொக்கம் கொடுப்பவர் தலையிலும் சேர்த்துக் கட்டினார். இன்னும் கொஞ்சம், ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நின்ற அந்த மகன் கட்டும் மூணே முக்கால் வட்டி. நாம் லவுஞ்சில் இரண்டு ரூபாய்க்குக் கார்டைத் தேய்த்துவிட்டு மூன்றாவது முறை சாம்பார் ஊற்றிக்கொள்கிறோமே, அந்தச் சாம்பார் அவன் வீட்டு அடுப்பில் கொதித்தது. அவனைப் பொறுப்பற்றவன் என்று திட்டுவதற்கு முன் வாயைத் துடைத்துக்கொள்வது மரியாதை.

எல்லாரும் நம்மைப் போல முழுத் தொகையும் கட்ட ஆரம்பித்துவிட்டால் இந்தத் தொழில் என்ன ஆகும்? முதலில் மிக்ஸி போகும், பிறகு இட்லி போகும், கடைசியில் அந்த எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும். பொறுப்பை உபதேசிக்கும் வியாபாரம், பொறுப்பு பரவினால் படுத்துவிடும்.

நாட்டில் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் பத்துக் கோடியைத் தாண்டியது. கார்டு போகாத இடத்துக்கு இப்போது க்யூஆர் போகிறது. 2022இலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்துக்கொள்ளலாம். நம் ஊர் டீக்கடைகளில் கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு தொங்குமே, 'கடன் அன்பை முறிக்கும்' என்று. அந்த போர்டு அப்படியே தொங்குகிறது. அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் க்யூஆரில் பதினைந்து ரூபாய் டீயைக் கடனில் குடிக்கலாம். டீக்கடை அண்ணாச்சி ஒரு பைசா கடன் தரவில்லை, அவர் அன்பு முறியவில்லை. நாயரோ அண்ணாச்சியோ நாட்கணக்கில் எழுதி வைத்துக்கொண்டிருந்த அக்கவுண்டுக்கு வட்டி கிடையாது, முதல் தேதி கொடுத்தால் போதும், கொடுக்காவிட்டால் முறைப்பார், அவ்வளவுதான்.

தீபாவளி வந்தால் 'நோ காஸ்ட் இஎம்ஐ' திருவிழா. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை போட்டுவிட்டது. வட்டியை விலையில் ஒளித்தோ, பிராசசிங் ஃபீஸில் ஒளித்தோ வாங்குகிறார்கள் என்று அதில் தெளிவாகச் சொன்னது. பூஜ்யத்தின் பெயரை மாற்றினார்கள், போர்டு புதிதானது, வியாபாரம் நடக்கிறது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

பொறுப்பு என்ற பாடத்தில் பேங்குகள் எல்லாரிடமும் இவ்வளவு கண்டிப்பாக இருந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். 2016 மார்ச் 2 அன்று ஒரு ராஜ்யசபா எம்பி டெல்லியிலிருந்து லண்டனுக்கு விமானம் ஏறினார். பேங்குகள் கணக்குப்படி அவரது விமான நிறுவனம் வைத்த பாக்கி 9,000 கோடி. விஜய் மல்லையாவுக்கு அந்த மூன்றாம் தேதி காலை எட்டு மணிக்கு 'சார், டியூ கட்டலையா சார்?' என்று யாராவது ஃபோன் செய்தார்களா? அவருடைய சித்தப்பாவையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, 'உங்க ஆளு ஓடிட்டான்' என்று சொன்னார்களா? 2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் பேங்குகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 12 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. உடனே நிபுணர்கள் வருவார்கள்: 'அது தள்ளுபடி இல்லை, வெறும் கணக்கியல் நடவடிக்கை, வசூல் தொடரும்.' தொடரட்டும். எனக்கு ஒரே ஒரு ஆசை. கார்டில் 40,000 ரூபாய் பாக்கி வைத்த ஆட்டோ டிரைவருக்கும் அந்தக் கணக்கியல் நடவடிக்கையை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஏஜென்ட் அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல், பிள்ளை படிக்கும் ஸ்கூலுக்குப் போகாமல், அமைதியாக ஏட்டில் ஒரு கோடு போடுங்கள். நிபுணர்கள் சொல்லும் அதே நாசூக்கோடு.

அந்த ஆட்டோ டிரைவர் கடனே வேண்டாம் என்று ஒதுங்கியிருந்தாலும் மரியாதை கிடைத்திருக்காது. கடன் வாங்காமல் வாழ்ந்தவருக்கு சிபில் ஸ்கோரே கிடையாது. 300இலிருந்து 900 வரை உள்ள அந்த ஏணியில் அவருக்கு நிற்க ஒரு படி இல்லை. முதல் முறையாக வீட்டுக் கடன் கேட்டுப் போனால், 'முதல்ல ஒரு கார்டு வாங்கிக் கொஞ்ச நாள் யூஸ் பண்ணுங்க சார்' என்பார்கள். நேர்மைக்குச் சாட்சி வேண்டுமென்றால் குற்றம் நடக்கும் இடத்துக்கு ஒரு முறை வந்துவிட்டுப் போக வேண்டும்.

கார்டை உடைத்துப் போடுங்கள் என்று சொல்லும் புனிதன் நான் இல்லை. வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையும் தானாகக் கழியும்படி பேங்க் கணக்கோடு கட்டிப்போடுங்கள். ஆட்டோ டெபிட்டில் 'குறைந்தபட்சத் தொகை' என்ற கட்டம் ஏற்கெனவே டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். ஏடிஎம்மில் அந்தக் கார்டை நுழைக்கவே நுழைக்காதீர்கள், அங்கே ஒரு நாள் கூட வட்டியில்லாச் சலுகை கிடையாது. குழியில் விழுந்தாயிற்று என்றால் மாதாமாதம் ஐயாயிரம் கொடுத்து அதை வளர்க்காதீர்கள். வீட்டில் நகை இருந்தால் அடகு வைத்து மொத்தத்தையும் அடைத்துவிடுங்கள், வட்டி கால் பங்குதான் வரும். மாமியார் ஒரு வாரம் பேசாமல் இருப்பார், பரவாயில்லை, பேங்க்காரன் வருஷக்கணக்கில் பேசுவான்.

பாக்கி பைசா இல்லாமல் அடைத்ததும் கார்டை மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். தேதியைச் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும் என்பது விதி, மூடாவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். வட்டியே போடாமல் எண்ணிக்கொண்டிருங்கள். எட்டாவது வேலை நாள் வந்ததும் காலை எட்டு மணிக்கு அவர்களை அழையுங்கள். ஏழே முக்காலுக்கு வேண்டாம், நாம் சுற்றறிக்கையை மதிப்பவர்கள். எதிர்முனையில் குரல் வந்ததும் பணிவாகக் கேளுங்கள்: "சார், உங்க பேங்க் பேர்ல ஒரு டியூ இருக்கே, எப்ப சார் கட்டுவீங்க?"